உன் குதிக்காலைச் சுற்றி ஒட்டிய தரை

மச்சான்,

வீடு முழுக்க ஈரச் சீமெந்து மணக்கிறது. நீ கடைசியாக விட்டுப்போன கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். ஹோலுக்குள் எவரும் கால் வைக்கக் கூடாதென்று தவம் மேசன் குறுக்கே கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறான். என் வீட்டில் எனக்கே கயிறு. நீ உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்க்கவென்றே கொடிகாமத்தில் பஸ் ஏறியிருப்பாய்.

ஓம், அதே தவம்தான்.

மூன்று கிழமைக்கு முன், மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, நான் சோற்றில் கை வைத்திருந்தேன். ஹோலில் படாரென்று ஒரு சத்தம். உன் தங்கச்சி அகப்பையோடு ஓடினாள். நடு ஹோலில் தரையில் ஒட்டிய ரைல் ஓடுகள் இரண்டு ஒன்றையொன்று முட்டி, கூடாரம்போல எழும்பி நின்றன. பார்த்துக்கொண்டிருக்கவே பக்கத்து வரிசையும் கிளம்பியது.

"இஞ்சாருங்கோ, அண்ணை தட்டிக் காட்டின அதே இடமப்பா!" என்று சிரித்தாள். நான் தவத்தைத் திட்டினேன். ஒன்பது வருடப் பழக்கம்.

ஞாயிறுதோறும் நீ வந்து, செருப்பைக் கழற்றியதும் இந்தக் குடைக் காம்பால் என் தரையைத் தட்டுவாய். ஒட்டிய இடம் 'டக்' என்னும். ஒட்டாத இடம் 'டொங்' என்னும். "மச்சான், உள்ளுக்கை கிடக்கிற இடத்துக்கு ஒரு குடும்பத்தையே குடியிருத்தலாம்" என்பாய். மேசன் ஏமாற்றிவிட்டான் என்பேன் நான். "மேசனிலை பிழையில்லை. உன்ரை வாயிலைதான் பிழை" என்பாய். கோபித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவேன். தேத்தண்ணி ஆறுமுன் திரும்பியும் வந்துவிடுவேன்.

உனக்கு எல்லாம் தெரியும். தவம் வேலைக்கு வந்த அன்று நீ பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாய். மகள் கனடாவிலிருந்து ரைல் போடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். தவம் குந்தியிருந்து பழைய சிவப்புச் சீமெந்துத் தரையைத் தடவிப் பார்த்தான்.

"ஐயா, இது கண்ணாடி மாதிரிக் கிடக்கு. உளியாலை கொத்தவேணும். இல்லாட்டி ரைல் பிடிக்காது."

"கொத்தக் கூடாது."

"அப்ப ரைலுக்கு ரைல் கொஞ்சம் இடைவெளியாவது விடுவம். வெயிலுக்கு விரியுமெல்லே?"

"அழுக்கு அடையும். நெருக்கி ஒட்டு."

வீட்டு வயரிங்கும் கிணற்று மோட்டரும் எவரிடமும் படிக்காமல் நானே செய்தவை. எனக்கு ஒரு மேசன் பாடம் எடுப்பதா? நீ தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தாய்.

பிறகு தரை 'டொங்' என்னத் தொடங்கியதும், தவத்துக்கு வேலை தெரியாதென்று எங்கள் ஒழுங்கை தெருவோடு சேரும் சந்திக் கடையில் நின்று சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் எவரும் அவனைக் கூப்பிடவில்லை. என் எத்தனையோ குணங்களைப் பொறுத்த நீ, இந்த ஒன்றை மட்டும் பொறுக்கவேயில்லை.

ஏன் கொத்த விடவில்லை என்று நீ பலமுறை கேட்டாய். இப்போது சொல்கிறேன்.

சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பிய வருடம் அந்தச் சிவப்புத் தரையை நாம் இரண்டு பேரும்தானே போட்டோம்? மேசன்மார் கிடைக்காத காலம். சாயத்தூளை அளவில்லாமல் கொட்டி, முழங்கை வரைக்கும் சிவந்து நின்றோம். "ரெண்டு பேரும் வெத்திலைச் சாறிலையே குளிச்சனீங்கள்?" என்றாள் உன் தங்கச்சி. கடைசி மூலையை மெழுகி முடிக்கிற நேரம் பக்கத்து வீட்டுக் கோழி ஈரத்தில் ஏறப் பார்த்தது. நீ அதைத் துரத்திப் பாய்ந்தாய். கோழி தப்பிவிட்டது. வாசலடியில் உன் இடது குதிக்கால் ஆழமாய்ப் பதிந்தது.

"நாசமாக்கிப்போட்டியே!" என்று கத்தினேன்.

"விடு மச்சான். இந்த வீட்டிலை எனக்கும் ஒரு பங்கு கிடக்கட்டும்."

முற்றத்து மணலில் விழுந்து சிரித்தோம். ஊர் ஊராய் அலைந்து திரும்பியபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தவம் முதலில் உளியை வைத்தது அந்தக் குதிக்காலில். அது என் மச்சானின் கால், கொத்தாதே என்று, நீயும் பார்த்துக்கொண்டிருக்க, எப்படிச் சொல்வேன்? எனக்குச் சீமெந்தைப் பற்றித் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

இம்முறை நானே ரைல்களைக் கழற்றினேன். அப்பளம்போல வந்தன. வாசலடி ரைலைப் புரட்டினால், அதன் அடிப்பக்கச் சாந்தில் உன் குதிக்கால் முழுசாய்ப் புடைத்து நின்றது! பள்ளத்துக்குள் இறங்கிய சாந்து அச்செடுத்து வைத்திருக்கிறது, மச்சான். வெடிப்புக்கூடத் தெரிந்தது. உன் தங்கச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணை ஒரு நாளும் காலுக்கு எண்ணெய் வைக்கிறேல்லை" என்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உன் குடையையும் பிடித்துக்கொண்டு தவம் வீட்டுக்குப் போனேன்.

"என்ன ஐயா, ஒன்பது வருசமா றோட்டிலை கண்டாலும் முகத்தைத் திருப்பினியள். இப்ப ரைலோடை வந்து நிக்கிறியள்?"

ரைலைப் புரட்டிக் காட்டினேன். கோழி முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் அந்தக் காலைச் சுத்தி ஒட்டியிருப்பனே ஐயா! ஒரு சதுரம் விடுறது ஒரு வேலையே?"

இவ்வளவுதானாம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வாறன். ஆனால் ஒண்டு. சந்தியிலை சொன்னதைச் சந்தியிலையே மாத்திச் சொல்லவேணும்."

சொன்னேன் மச்சான். மறுநாள் காலை, பேக்கரிப் பாணுக்கு ஆட்கள் நிற்கும் நேரம், அதே கடை வாசலில். "தவம் சொன்னது சரி. நான்தான் கேக்கேல்லை" என்றேன். பாண் வாங்க வந்தவர்கள் என் உடம்புக்கு ஏதேனும் சுகமில்லையோ என்று பார்த்தார்கள். இப்போது ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்காரர் அவனைக் கேட்டிருக்கிறார்கள்.

வாசலடியில் உன் குதிக்கால் சதுரத்தைத் தொடாமல், மற்ற இடமெல்லாம் நன்றாகக் கொத்தி, இடைவெளி விட்டு ஒட்டியிருக்கிறான். அந்த இடைவெளியில் அழுக்கு அடையும் என்று இப்போதும் சொல்கிறேன். அது வேறு கதை. நாளைக்குக் கயிறு அவிழ்த்ததும் உன் குடையால் வரிசை வரிசையாய்த் தட்டிப் பார்ப்பேன். ஒரு 'டொங்' கேட்டாலும் விடமாட்டேன்.

வாசலடிச் சதுரத்தை மட்டும் தட்டமாட்டேன். விறாந்தையில் நின்றபடியே அதற்குக் கால் எட்டுகிறது. சற்றுமுன் என் குதிக்காலை வைத்துப் பார்த்தேன். உன் கால் பெரியது, மச்சான். நான் வைத்த பிறகும் சுற்றிவர இடம் கிடக்கிறது.