அம்மாவைப் படமெடுப்பதற்கு முன்

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி எதிர்வீட்டு அக்காவிடம். அம்மாவுக்குச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை.

சாக்கடைக்கு மூடி போட நன்கொடை திரட்டும் சங்கத்துச் செயலாளர் இன்று கேமராவோடு வருவார். அந்தச் சாக்கடையில் விழுந்த அம்மாவை, ஒடிந்த காலும் கட்டுமாகப் படுத்திருக்கிற கோலத்தில் எடுத்து நோட்டீஸில் போட வேண்டுமாம். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நானும் அதே நன்கொடைக்கு உண்டியல் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத்தான் போகிறேன். கேட்க எனக்கு வெட்கமில்லை. அம்மாவின் காலைக் காட்டிக் கேட்க மாட்டேன்.

"நம்ம வீட்டுல மொதமொத காலேஜ் போனவ, அதான் நாக்கு நீண்டுடுச்சு. படத்தப் பாத்தாத்தான் நாலு பேரு குடுப்பான்" என்று நேற்று கத்தினீர்கள். நாக்கு காலேஜில் நீளவில்லை, உங்களிடமிருந்து வந்தது.

கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "என்னைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களாடி?"

நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேளுங்கள். சரி என்றால் தலை வாரி, அந்த நீலப் புடவையைக் கட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முகம் தெரியட்டும். வேண்டாம் என்றால் கதவைச் சாத்துங்கள்.

எதுவானாலும் அவள் சொல்வதுதான். நான் சத்தம் போட மாட்டேன்.