டின்னர் முடிஞ்சதும்

பாத்,
4 பிப்ரவரி 1953

அன்புத் தோழி ஹில்டாவுக்கு,

ஓக்கன்ஷாவை விட்டு வந்தபின் தங்கை வீட்டில் சௌக்கியம். ஒரு வரி எழுத இத்தனை நாளா? கோபமா? மருந்துக் கடை பிராடக்கை இரவு எட்டு மணிக்குக் கொன்றவன் உன் தம்பி ஆல்ஃப்தான் என்றானதும் உன் வயிறு எரிந்திருக்கும், தெரியாதா எனக்கு? ஆனாலும் போலீஸ் திணறிய வழக்கை இரண்டு கிழவிகள் முடித்துவிட்டோமே! கடைக்கு எதிர்வீட்டு டாட்டர்சால் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்து, ஆல்ஃப் கடைக்குள் போய்க் கத்தியதைக் கறந்தது நான்தான். பாவம், சாட்சிக் கையெழுத்துப் போட்ட வாரமே போய்ச் சேர்ந்தாள். லண்டனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் என் கையைக் குலுக்கினார். பத்திரிகையில் என் படம்கூட வந்தது.

சிறைக்குப் போய் அவனைப் பார்க்காமல் இருக்கிறாயே, அதுதான் சரி.

உன்
சிபில்

---

ஓக்கன்ஷா,
2 மார்ச்

அன்புள்ள சிபில்,

நேற்று டாட்டர்சால் அம்மாள் மகள் எட்னா வழிமறித்தாள். "ஏன்க்கா, டின்னர் முடிஞ்சதும் உங்க தம்பி கடைக்குள்ள போனான்னுதானே எங்கம்மா அந்தம்மாகிட்ட சொல்லிச்சு? நான் அடுப்படியில இருந்து கேட்டேனே. அதுக்கா புடிச்சு உள்ள போட்டாங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் தெற்கத்திக்காரர். உங்களுக்கு டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடு. இந்த மில் ஊரில் மத்தியானச் சாப்பாடுதான் டின்னர். சாயங்காலம் வயிறு முட்டத் தின்றாலும் அதற்கு 'டீ' என்றுதான் பெயர். கிழவி சொன்னதை நீங்கள் 'இரவு உணவுக்குப் பின்' என்று அழகாகத் திருத்தி எழுதிவிட்டீர்கள். எழுத்துப் படிக்கக் கண் தெரியாமல் அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"பொண்டாட்டிக்குக் குடுத்த மருந்து சரியில்லன்னு மத்தியானம் போய்க் கத்தினேன். ராத்திரி வீட்டை விட்டு நகரவே இல்லக்கா" என்று ஆல்ஃப் தலைப்பாடாக அடித்துக்கொண்டானே! உங்கள் பேச்சைக் கேட்டு அவனை விட்டுவிட்டேனே!

பதினாறாம் தேதி விசாரணை. எட்னா ஆல்ஃபோடு மில்லில் வேலை பார்ப்பவள், அவள் பேச்சு எடுபடாது என்கிறார் வக்கீல். நேரில் கேட்டவர் நீங்கள்தான். வந்து, கிழவி 'டின்னர்' என்றுதான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவன் உயிர் உங்கள் நாக்கில் இருக்கிறது.

ஹில்டா

---

பாத்,
9 மார்ச்

அன்பு ஹில்டா,

படித்து மிகவும் வருந்தினேன். ஆனால் கிழவி மனதில் எந்த டின்னர் இருந்தது என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? ஊரே பாராட்டிய பிறகு கூண்டில் ஏறி, எனக்கு உங்கள் ஊர்ப் பேச்சுப் புரியவில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? எனக்கு இருமல் வேறு விடவில்லை. ரயிலில் போகவே கூடாது என்கிறார் டாக்டர்.

நீ வீணாகப் பயப்படுகிறாய். ஜூரிகள் விவரமானவர்கள். குற்றமில்லாதவனைத் தூக்கில் போட இது என்ன காட்டு ராஜ்யமா?

நன்றாகச் சாப்பிடு.

மாறாத அன்புடன்,
சிபில்

---

ஓக்கன்ஷா,
10 ஏப்ரல்

திருமதி சிபில் ஃபேர்லி அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை காலையில் ஆல்ஃபைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். உங்கள் கையெழுத்தில் இருந்ததைத்தான் ஜூரிகளுக்குப் படித்துக் காட்டினார்கள்.

முந்தின நாள் சிறைக்குப் போனேன். உன்னை நம்புகிறேன்டா என்று சொல்லத்தான் போனேன். வார்டர் உள்ளே போய்விட்டு வந்தார். "பாக்க மாட்டேங்குறான்மா. 'எனக்கு அக்கா யாரும் இல்ல'ங்கிறான்" என்றார். வாசலிலேயே இருட்டும்வரை நின்றேன். அவன் கூப்பிடவில்லை.

எனக்கு இனி எழுதாதீர்கள்.

ஆல்ஃபின் அக்கா,
ஹில்டா