நடுங்கினது உன் குரல் இல்ல

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம், உங்கப்பாவோட வலது முட்டியைத் தவிர, அது மட்டும் தனி ஆள் மாதிரி இந்த வீட்டுல குடியிருந்துக்கிட்டு எல்லாரையும் அதட்டுது. நீயும் மருமகளும் குட்டியும் அங்க நல்லபடியா இருக்கணும்னுதான் பொழுதுக்கும் நினைச்சுக்கிட்டிருக்கேன். போன் இருக்கே, எதுக்கு இப்ப கடுதாசின்னு கேப்பே. போன்ல நான் ஆரம்பிச்சா நீ ஊம் கொட்டுவே, உடனே நான் மழை பெய்யுதா வெயிலடிக்குதான்னு பேச்சை மாத்திடுவேன், இருபத்தெட்டு வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். காகிதத்துல அப்படி நழுவ முடியாது, அடிச்சா அடிச்சது தெரியும். அதனால உக்காந்து எழுதுறேன், நீயும் வண்டிக்கு நிக்கிறப்ப பாதி லிஃப்டுல பாதின்னு படிக்காம உக்காந்து படி.

உன் அக்கா போன வாரம் வந்தா, சமையலறைக் குழாய் சொட்டுதுன்னு நான் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சதை அரை மணியில மாத்திக் கொடுத்துட்டு, இவ்வளவு நாள் உங்களுக்கு என்ன கேடுன்னு எங்க ரெண்டு பேரையும் திட்டிட்டுப் போனா. மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க, இப்ப வந்திருக்கிறவங்க நாற்காலியைத் தூக்கி வைக்கத் தெரியாதவங்க, நாளெல்லாம் தலைக்கு மேல இழுக்குறாங்க. நீ வேலைக்குப் போற இடத்துல குளிர் ஜாஸ்தின்னு சொன்னே, காதை மூடிக்கிட்டுப் போ, நாப்பத்தேழு வயசாச்சுன்னு பெரிய மனுஷத்தனம் காட்டாதே.

சரி, சுத்தி வளைச்சது போதும். போன ஞாயித்துக்கிழமை மருமக பேசினப்ப ஒண்ணு சொன்னா, குறையா சொல்லல, பேச்சுவாக்குல வந்துடுச்சு. குட்டி பள்ளிக்கூடத்துல சேர்ந்திசைக் குழுவுக்குப் பேர் கொடுத்தாளாம், நீ போய் பேரை அடிக்கச் சொல்லிட்டியாம். நம்ம வீட்டுக் குரல் நடுங்கும், நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சு என் பொண்ணை அழ வைக்க மாட்டேன்னியாம். குழந்தை பிறந்தநாளுக்கு எல்லாரும் பாடறப்பக்கூட நீ வாயை மட்டும்தான் அசைப்பியாம். ஒன்பது வயசாச்சு, அப்பா பாடி அது கேட்டதே இல்லையாம். மருமக சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்கு நெஞ்சுல சுருக்குன்னு தைச்சது, குக்கர் விசில் வருதுன்னு பொய் சொல்லி போனை வெச்சுட்டேன். அடுப்பே பத்த வைக்கலடா அப்ப.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நம்ம வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்திருந்தா, மூக்கு நுனியில நிக்கிற கண்ணாடி, அதனால அவளுக்கு நான் வெச்ச பேர் கண்ணாடிக்காரி. பழைய டேப்பையெல்லாம் தேடிப் பிடிச்சு, சுத்தம் பண்ணி மறுபடி வெளியிடறது அவ வேலை. நான் வேலை பார்த்த ஸ்டுடியோவுல ஒரே வருஷத்துல பதிவான மூணு ஆல்பத்தையும் ஒரே பெட்டியில போட்டுக் கொண்டுவரப் போறாங்களாம். அம்பது பேர் நின்னு பாடினாங்களே அந்த சேர்ந்திசை ஒண்ணு, ட்ரம்பெட்காரரோட ஜாஸ் ஒண்ணு, நெட்டையனும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் போட்ட ராக் ஒண்ணு. மூணும் இப்ப க்ளாசிக்காம். எனக்கு சிரிப்பா வந்துச்சு. வந்த வருஷத்துல சேர்ந்திசையை வாங்கினது பாடினவங்களோட சொந்தக்காரங்க மட்டும்தான், ஜாஸ் கடையில தூசி படிஞ்சு கிடந்தது, ராக்கைக் கேட்டுட்டு உங்கப்பா பாத்திரம் உருட்டுற சத்தம்னார். இப்ப அவரே கண்ணாடிக்காரி முன்னாடி நிமிர்ந்து உக்காந்துக்கிட்டு, அந்தக் காலத்துலயே நான் சொன்னேன், இது நிக்கும்னுங்கிறார்.

அவ கேக்கக் கேக்க எனக்கும் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. கூடம் பத்தாம ட்ரம்பெட்காரரை மாடிப்படி திருப்பத்துல நிக்க வெச்சுப் பதிவு பண்ணினோம், அந்த எதிரொலிக்காகத்தான் இன்னிக்கு அதைக் கொண்டாடுறாங்களாம், இடமில்லாம நிக்க வெச்சோம்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா. சேர்ந்திசையில மூணாவது வரிசையில ஒருத்தரோட செருப்பு கீச் கீச்சுன்னு கத்தி, கடைசியில அம்பது பேரையும் செருப்பைக் கழட்டி வெளியில விடச் சொன்னேன். சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்தவ பையிலேர்ந்து ஒரு டேப் பெட்டியை எடுத்து மேஜை மேல வெச்சா. நெட்டையன் ஆல்பத்தோட எட்டாவது பாட்டு, வெளிவராத பதிவு. பெட்டி மேல என் கையெழுத்துலயே எழுதியிருக்கு, குரல் நடுக்கம், வேண்டாம்னு. சொன்னது முள்ளு சார், எழுதினது நான்.

முள்ளு சாரை உனக்கு ஞாபகம் இருக்கும், எங்க தலைமை ஒலிப்பதிவாளர், பாடறவங்க முகத்தைப் பார்க்காம மீட்டர் முள்ளையே பார்த்துக்கிட்டிருப்பாரே அவர்தான். ஆறு வருஷம் என்னை டேப் பெட்டிக்கு லேபிள் ஒட்ட வெச்சிருந்தாங்க. இந்த மூணு ஆல்பமும் பதிவான வருஷம்தான் டேப் மெஷின்ல உக்கார வெச்சாங்க, பொம்பளை ஒருத்தியை மெஷின்ல உக்கார வெச்சது அங்க அதுதான் முதல் தடவை, ஒரு தப்பு நடந்தாலும் மறுபடி லேபிளுக்குத்தான்னு முதலாளி முகத்துக்கு நேரா சொல்லியிருந்தார். நாலு மாசம் தப்பே வரல. நீ சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தப்ப படியில நின்னு ஏதோ முணுமுணுத்ததை நெட்டையன் கேட்டுட்டு, அந்த எட்டாவது பாட்டை, ஒரே ஒரு கிதாரும் ஒரே ஒரு குரலும் மட்டும் வர்ற அந்த மெதுவான பாட்டை, நீதான் பாடணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். உனக்குப் பத்தொன்பது வயசு. எனக்குத் தலைகால் புரியல.

இப்ப எழுதுறதைத்தான் இத்தனை வருஷமா எழுதல. அந்த மெஷின்ல டேப்பை இழுத்து ஓட்டறது ஒரு ரப்பர் உருளை. தினமும் காலையில பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைக்கணும், அது டேப் ஓட்டறவ வேலை, வேற யாரும் தொட மாட்டாங்க. முந்தின நாள் முழுக்க நான் சேர்ந்திசை டேப்பை வெட்டி ஒட்டிக்கிட்டிருந்தேன், ஒட்டுற நாடாவோட பசை கசிஞ்சு உருளையில ஏறியிருக்கு. நீ பாட வந்த அன்னிக்குக் காலையில நான் துடைக்கல. ஏன்னா உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வாசல் காவல்காரர்லேர்ந்து கணக்கு எழுதுறவர் வரைக்கும், இவன்தான் என் பையன், இன்னிக்குப் பாடப் போறான்னு காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். சிவப்பு விளக்கு எரிஞ்சதும் ஓடிவந்து அப்படியே உக்காந்துட்டேன்.

உருளையில ஒரு இடத்துல பசை மேடு இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் டேப் ஒரு துளி தடுக்கும். தடதடன்னு வாசிச்சா காதுக்குத் தெரியாது. நீ நிறுத்தி நிதானமா நீட்டின இடத்துலயெல்லாம் அது நடுக்கமா விழுந்துச்சு, கிதார் பக்கம் யார் காதும் போகல. போட்டுக் கேட்டப்ப முள்ளு சார் உதட்டைப் பிதுக்கினார், பையன் பயந்துட்டான்னார். மறுபடி பாடினே, மறுபடி நடுக்கம். ஏழு தடவை பாட வெச்சாங்க உன்னை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தண்ணி குடிச்சுக் குடிச்சு நீ நின்ன நிலை இன்னும் கண்ணுல இருக்கு. முதல் ஆறு தடவை நடுங்கினது என் மெஷின். ஏழாவது தடவை நிஜமாவே நீ நடுங்கிட்டே, அதைச் செய்ய வெச்சதும் நாங்கதான்.

நீ போய் மாடிப்படியில உக்காந்துட்டே. நான் மெஷினை மூடறதுக்கு முன்னாடி துடைக்கலாம்னு பஞ்சை எடுத்தேன், பழுப்பா ஒரு கட்டி விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த நிமிஷமே சந்தேகம். மறுநாள் உன் இடத்துல கோரஸ்ல பாடற ஒருத்தங்களைக் கூப்பிட்டாங்க, சுத்தமான மெஷின்ல அவங்க பாடினாங்க, முதல் தடவையே வழுவழுன்னு வந்துச்சு, முள்ளு சார் என் பக்கம் திரும்பி, பார்த்தியாம்மா, குரல்னா இதுன்னார். அப்ப சந்தேகம் போய் நிச்சயமாயிடுச்சு. வாயைத் திறந்திருந்தா உன்னை மறுபடி கூப்பிட்டிருப்பாங்க, நெட்டையன் அதுக்கு ரெடியா இருந்தான். நான் லேபிள் ஒட்டப் போயிருப்பேன், அவ்வளவுதான், தலையா போயிருக்கும்? நான் வாயைத் திறக்கல. ஆமாம் சார்னு சொன்னேன்டா. பெத்தவ சொன்னேன்.

அதோட விட்டேனா? வீட்டுக்கு வர்ற வழியில பஸ்ல உன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, உனக்குக் கூச்ச சுபாவம், பாட்டெல்லாம் எல்லாருக்கும் வராது, ஒழுங்கா படிப்பைப் பாருன்னு ஆறுதல் சொல்ற மாதிரி சொன்னேன். நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தே. அதுக்கப்புறம் இந்த வீட்டுல குளிக்கிறப்பக்கூட நீ பாடினது இல்ல. அப்புறம் லிஃப்ட் ரிப்பேர் வேலை படிச்சே, எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிட்டே. நான் அந்த மெஷின்ல இன்னும் பதினைஞ்சு வருஷம் உக்காந்தேன், ரிடையர் ஆனப்ப கேடயம் கொடுத்தாங்க, தப்பே செய்யாதவங்கன்னு முதலாளி பேசினார், நானும் கைதட்டலை வாங்கிக்கிட்டு வந்தேன். அதைக் கூடத்து அலமாரியிலேர்ந்து போன வாரம்தான் எடுத்து கட்டிலுக்கு அடியில தள்ளினேன், இப்ப தள்ளி என்ன புண்ணியம்.

கண்ணாடிக்காரி அன்னிக்கு அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டு நடுக்கத்தை எண்ணிக் காட்டினா. மனுஷத் தொண்டை இப்படி கடிகாரம் மாதிரி ஒரே அளவுல நடுங்காதும்மா, கிதாரும் கூடவே நடுங்குது பாருங்க, டேப் பழசானதுல இப்படி ஆயிருக்கும்னா. எனக்கு ஒரு வழி கிடைச்ச மாதிரி இருந்துச்சு, ஆமாம்மா, காலம் ஆச்சில்லன்னு தலையாட்டினேன். டீ போட்டுக் கொடுத்து வாசல் வரைக்கும் போய் அனுப்பி வெச்சேன். எழுபத்தியொரு வயசுல ரெண்டாவது தடவையும் அதே தப்பு. டேப் பழசாகி நடுங்கினதுன்னா, அன்னிக்கே நீ உன் காதால கேட்ட நடுக்கத்துக்கு என்ன பதில்? பாட்டை இப்ப நேர் பண்ணிப் போட்டாலும், ஏதோ மெஷினை வெச்சு என் குரலை ஒப்பேத்திட்டாங்கன்னுதான் நீ நினைச்சிருப்பே. அது தெரிஞ்சும் தலையாட்டினேன்.

மருமக போன் வந்த மறுநாள் காலையில கண்ணாடிக்காரியைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ இதைப் பெட்டியோட வர்ற புத்தகத்துல எழுதலாமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டா. என் பேரைப் போட்டு எழுதும்மா, உருளையைத் துடைக்கலன்னே எழுதுன்னு சொல்லிட்டேன். உங்கப்பாகிட்டயும் சொன்னேன். மனுஷன் ரெண்டு நாளா முட்டி வலியைக்கூட என்கிட்ட சொல்லாம அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்றார். மூணாவது நாள்தான் பக்கத்துல வந்து உக்காந்து, அவனுக்கு எழுதுன்னார்.

நடுக்கத்தை நீக்கின பாட்டை அவ நேத்து கொண்டுவந்து போட்டுக் காட்டினா. உன் குரல்ல அவ கை வைக்கல, டேப் தடுக்கின இடத்தை மட்டும்தான் நேர் பண்ணியிருக்கா. முதல் தடவை பாடினது. நான் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. உங்கப்பா எழுந்து உள்ள போயிட்டார், திரும்பி வந்தப்ப முகம் கழுவியிருந்தது. இந்தக் கடுதாசியோட ஒரு சி.டி. தட்டு வெச்சிருக்கேன், அதுல ரெண்டும் இருக்கு, முதல்ல அன்னிக்குப் பதிவானபடி, அடுத்தது நேர் பண்ணினது. ரெண்டையும் கேளு, ஒண்ணைக் கேட்டா நம்ப மாட்டே. கேக்கறப்ப குட்டியைப் பக்கத்துல வெச்சுக்கோ. யார் பாடறதுன்னு அது கேக்கும்.

என்னை மன்னிச்சுடுன்னு எழுத வரல, எழுதினா நீ நல்ல பையன், உடனே சரிம்மா விடுன்னு சொல்லிடுவே, அப்புறம் எனக்குத் தூக்கம் வந்துடும். அவசரமே இல்ல, கோபமா இருக்கிற வரைக்கும் கோபமா இரு, போன் பண்ணாட்டாலும் பரவாயில்ல. ஆனா குட்டி பேரை மட்டும் மறுபடி எழுதிக் கொடு, வழக்கு உனக்கும் எனக்கும்தான், அந்தக் குழந்தைக்கு அதுல பங்கு இல்ல.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். மருமகளுக்கு என் ஆசீர்வாதம், குட்டிக்கு நூறு முத்தம், உங்கப்பாவும் ஆசீர்வாதம் சொல்றார்.

மறந்துடாதே, உள்ள ஒரு சம்மதத் தாள் இருக்கு, உன் பாட்டை அந்தப் பெட்டியில சேர்க்கலாமா வேண்டாமான்னு. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணுமாம், கையெழுத்து போட்டாத்தான் வெளிவரும். வேண்டாம்னு எழுதவும் உனக்கு உரிமை உண்டு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்காங்க, அதுல அம்மா மேல கோபம்னு எழுது, பாட்டு பிடிக்கலன்னு எழுது, இஷ்டம் இல்லன்னு எழுது. குரல் நடுங்குதுன்னு மட்டும் எழுதிடாதே கண்ணா.

இப்படிக்கு,
அன்னிக்கு மெஷின் ஓட்டின
உன் அம்மா