குல்லாவில் வந்த பக்கம்

என் அமீனாக்காவுக்கு,

பனி ஜன்னல்வரை வந்துவிட்டது. நீ விட்டுப்போன கம்பளிக் குல்லா என் மேசையில் கிடக்கிறது. அதைப் பள்ளி நிர்வாகம் ஒப்படைக்கச் சொல்கிறது. தரமாட்டேன்.

காய்ச்சல் என்றுதான் பழனிக்கு இறங்கினாய். நீ உயிரோடு திரும்பாமல் போன பிறகும் நம் பள்ளியில் விவாத வகுப்பு நடக்கிறது. அதே வழக்கம். குல்லாவுக்குள் சீட்டு, கையில் வரும் பக்கத்தைத்தான் பேச வேண்டும், மனசுக்கு ஆகாவிட்டாலும். அதே விதி: கேலியாகப் பேசினால் தோல்வி.

போன மாதம் கவிதா எடுத்தாள். பேத்துப்பாறை ஊர்ப் பிள்ளை. சீட்டில் இருந்தது: சாதிக்குள்தான் கல்யாணம் செய்ய வேண்டும். அவளுடைய அக்கா வேறு சாதியில் கட்டிக்கொண்டவள். இன்றுவரை அவளை அப்பா வீட்டுப் படி ஏற விடவில்லை.

"மிஸ், இத என் வாயால சொல்லணுமா?"

"வேண்டாம்னா மாத்திக்கோ." விதியை மீறிக் குல்லாவை நீட்டினேன்.

அவள் குல்லாவுக்குள் கையை விடவில்லை. "அமீனா மிஸ் மாத்திக்கிட்டாங்களா?"

இல்லை. நீ வீடு தேடி அலைந்த சமயம். பெயரைக் கேட்டதும் காலியில்லை என்றார்கள். அப்போதுதான் உனக்கு அந்தச் சீட்டு வந்தது: எந்த மதத்தாருக்கு வீடு தருவது என்பது வீட்டுக்காரர் இஷ்டம். பிள்ளைகள் முன்னால் நீயும் நானும் மோதினோம். நீ ஜெயித்தாய்.

"அவங்க சொல்றத அவங்களவிட நல்லாச் சொல்லிப் பாத்துட்டேன் மலரு. அதுல எங்க ஓட்டைன்னு இப்பத் தெரியும்ல" என்று டீயை ஊதினாய். பிறகு என் அறைக்கே குடிவந்தாய்.

கவிதா பேசினாள். "நாளைக்கு ஒரு சாவுன்னா யாரு வந்து நிப்பா? சொந்தம்தான நிக்கும்? ஊரு சிரிக்கையில உங்க காதலு வந்து அது வாய மூடுமா?"

எதிரணிப் பையன் எழுந்தான். கையிலிருந்த குறிப்பை மடித்தான். உட்கார்ந்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பிள்ளையின் வாயில் இதை வைக்க நமக்கு என்ன உரிமை, அக்கா?

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். மகளைச் சாதி பேசவைத்ததற்குச் சண்டை என்று நினைத்தேன்.

"என்னத்தம்மா சொல்லிக் குடுக்கீங்க? மூத்தவளப் பத்தி நான் வாயத் தொறக்குமுன்னயே, 'இதத்தானப்பா சொல்ல வர்றீங்க'ங்கா. நான் சொல்ல வந்தத என்னையவிட நல்லாச் சொல்லுதா! அப்புறம், 'அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப எந்தச் சொந்தம் வந்துச்சு, அக்காதான வந்து நின்னா'ங்கா. நான் என்னத்தச் சொல்ல?"

நேரே தலைமையாசிரியரிடம் புகார் கொடுக்கப் போனார்.

சக ஆசிரியர்களுக்கும் கோபம், வேறு காரணத்துக்காக. பிள்ளை வாயில் விஷத்தை ஊற்றுகிறேனாம். "மரம் வளர்ப்போம்னு பேசச் சொல்லுங்க, போதும்" என்கிறார் தலைமையாசிரியர். மரம் வேண்டாம் என்று இந்த மலையில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

நாளை நிர்வாகத்தின் முன் நிற்க வேண்டும். இந்த வழக்கத்தை விட வேண்டும், இல்லையென்றால் வேலையை.

கவிதாவின் அக்கா வீட்டுக்கு வந்தாளா என்று கேட்பாய். இன்னும் இல்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை முதலில் அவர்கள் பக்கத்தைப் பேசுவேன். கேலி இல்லாமல். 'பேசும்போதே கவிதா நொறுங்கியிருந்தால் என்ன செய்திருப்பாய்' என்று அவர்கள் கேட்க வேண்டியதை என்னை நானே கேட்பேன். அவர்கள் தலையாட்டும்வரை பேசுவேன். அப்புறம்தான் என் பக்கம். என்ன முடிவு சொன்னாலும், குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

எப்போதும் உன் எதிரணியில்,
உன் தங்கச்சி மலர்