பொத்தான் தைத்த விஷயம்

அன்பு மகனுக்கு,

அப்பா சுகம். நீயும் மருமகளும் குட்டியும் சுகம் என்று உன் கையால் பதில் வருகிறவரை அதைப் பாதி சுகமாக வைத்துக்கொள். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ பேச விட்டால்தானே! 'அப்பா, சாமானைக் கட்டுங்க, மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றிவிட்டேன். மாடி வீட்டுக்காரர் இன்னும் என் பேப்பரை எனக்கு முன்னால் படித்துவிட்டுத்தான் தருகிறார். காலையில் ஐந்துக்கே விழிப்பு வந்துவிடுகிறது, பழக்கதோஷம். அந்த நேரத்தில் அடுப்படியில் சத்தம் கேட்காததுதான் இன்னும் பழகவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் மேஸ்திரி வேலை, காலை ஷிப்ட் என்றால் நான் எழும் முன்னே தண்ணீர் காய்ந்திருக்கும், சாப்பாட்டு டப்பா கட்டியிருக்கும். ஒரு நாளாவது உன் அம்மா படுத்திருக்க நான் கிளம்பிப் போனதாக ஞாபகம் இல்லை. உனக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று முந்தின நாளே சொல்லிவிடுவாள். நீ தட்டில் விரலால் கோடு போட ஆரம்பித்தால் காய்ச்சல் என்று அர்த்தமாம். எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும், எனக்குத் தெரிந்தது பஸ்ஸுக்கு வரும் காய்ச்சல்தான்.

அப்படிப்பட்டவள் போன வருஷம் திடீரென்று மாறினாளே, நினைவிருக்கிறதா? 'என்னங்க, கை வலிக்குது, சோத்தை நீங்களே வடிங்க', 'குனிய முடியல, துணியை நீங்க அலசுங்க' என்று தினம் ஒன்று. ஒரு நாள் என் சட்டையையும் ஊசியையும் கொண்டுவந்து என் மடியில் போட்டு, 'கண்ணு தெரியல, பொத்தானை நீங்களே தைச்சுக்குங்க' என்றாள். அத்தனை வருஷம் எஞ்சினைப் பிரித்து மாட்டிய கைக்கு ஒரு பொத்தான் அடங்கவில்லை. விரலில் ரத்தம் வந்ததும் எரிந்து விழுந்தேன், உட்கார்ந்த இடத்தில் இருந்து அதிகாரம் பண்ணுகிறாயா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, 'நூல் முனையை உதட்டில வச்சு ஈரம் பண்ணுங்க மேஸ்திரி' என்றாள். அன்றே உனக்குப் போன் பண்ணி, உங்கம்மா சோம்பேறி ஆகிவிட்டாள் என்று குறை சொன்னேன். நீயும், 'வயசாச்சுல்லப்பா, விடுங்க' என்று சிரித்தாய்.

போன வாரம் போர்வை ஓரம் பிரிந்துவிட்டது என்று தெருமுனைத் தையல்கார அம்மாவிடம் போனேன். அவர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாங்கி, உதட்டில் ஈரம் பண்ணிக் கோத்துக் கொடுத்தேன். 'அண்ணி மாதிரியே கோக்கறீங்களே அண்ணே! படுக்கையில விழற வரைக்கும் மத்தியானம் இங்க வந்து உக்காந்து, ஸ்கூல் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைச்சுக் குடுத்தாங்க. எனக்கு ஊசி கோத்துக் குடுக்கறதே அவங்கதான்' என்றார். அவளுக்குத்தான் கண் தெரியவில்லையே என்றேன். அவர் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார். 'டாக்டர் ஒரு வருஷம்தான்னு சொன்னது அண்ணிக்கு முதல்லயே தெரியும் அண்ணே. அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, அதுக்குள்ள பழக்கிடணும்னு சொல்லுவாங்க. விஷயத்தைச் சொன்னா நீங்க ஒடிஞ்சுபோய் ஒண்ணையும் கத்துக்க மாட்டீங்களாம்' என்றார். நமக்கெல்லாம் கடைசி இரண்டு மாதத்தில்தானே தெரிந்தது.

போர்வையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், எழுத எனக்கு வெட்கமில்லை. கை வலி என்றது பொய். வேறெங்கோ நிஜமாகவே வலித்திருக்கும், அதை மட்டும் அவள் சொல்லவில்லை. அவளைப் போய்ச் சோம்பேறி என்றேனடா.

அதனால் நான் இப்போது அங்கே வரவில்லை. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை, நீ கூப்பிட்டதிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் நான் சோறு வடிக்கிறேன், துணி அலசுகிறேன், பொத்தான் தைக்கிறேன். தன் கடைசி வருஷத்தை அவள் இதற்காகத்தான் கொடுத்தாள். நான் அங்கே வந்து மருமகள் போடுவதை உட்கார்ந்து சாப்பிட்டால் அவள் பட்ட பாடெல்லாம் வீண். என்னால் முடியாமல் போகிற அன்று நானே பெட்டியோடு உன் வாசலில் வந்து நிற்பேன், கவலைப்படாதே. என்னைக் கூட்டிப்போகப் போட்ட லீவை வீணாக்காமல் மூன்று பேரும் வாருங்கள். நான்தான் சமைப்பேன். உப்பு முன்னே பின்னே இருக்கும், வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும்.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம். ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் ஒன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே உன் சட்டைக்கு ஒரு பொத்தானை நீயே தைத்துப் பார். மருமகளுக்குக் கண் தெரியாமல் போகும்வரை காத்திருக்காதே.

இப்படிக்கு,
ஊசி கோக்கத் தெரிந்த
உன் அப்பா