உன் மகள் பேசத் தொடங்கிவிட்டாள்

என் அக்காவுக்கு, எப்போது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமலே "என்னடா" என்பவளுக்கு,

உன் மகளின் வலது கைக்குக் காலுறை போடுவதென்று, வெள்ளவத்தை வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் கூடி, நீண்ட விவாதத்தின் பின் ஏகமனதாகத் தீர்மானித்தோம். இடது கை பற்றிய முடிவு பிற்போடப்பட்டது. அந்தக் கிழமை இந்த நாட்டில் எடுத்த தீர்மானத்தை அன்றைக்கே நடைமுறைப்படுத்தியவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

காரணத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வன்னிக்கு வரவேண்டிய மருந்து லொறி சோதனைச் சாவடியில் நின்ற கிழமையில், பிரசவக் காய்ச்சலோடு நீ போய்விட்டாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தான் கொழும்புக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஆரணி கவிழ்ந்ததை நீ பார்க்கவில்லை. கவிழ்ந்தவள் திரும்பி நிமிரத் தெரியாமல், எங்கள் எல்லோரையும் குற்றவாளிகளைப் போல முறைத்ததையும் பார்க்கவில்லை.

முதல் பல் முளைத்து, பல்லுக்கொழுக்கட்டை அவித்து அவள் தலையில் கொட்டியபோது, வழக்கம்போலப் புத்தகம், பேனை, கண்ணாடி, காப்பு எல்லாம் முன்னால் வைத்தோம். எதை எடுக்கிறாளோ அதுதான் அவளுடைய வாழ்க்கை என்று சொல்வார்களே. ஒன்றையும் தொடவில்லை. குனிந்து நின்ற அத்தானின் சேட்டுப் பையிலிருந்து அடையாள அட்டையை இழுத்து எடுத்து வாயில் வைத்தாள். "பிள்ளைக்குக் கொழும்பு விளங்கிட்டுது" என்றாள் வதனி. என் மனைவி சிரிக்காமல் பகிடி விடுவாள் என்பது உனக்குத் தெரியும்.

அதன் பிறகு வந்ததுதான் விரல். "லைற் எங்க?" என்றால் லைற்றைக் காட்டுவாள். "காகம் எங்க?" என்றால் காகத்தை. "ரெயின் எங்க?" என்றால், ரெயின் இல்லாத நேரத்திலும் தண்டவாளம் ஓடும் கடல் பக்கத்தைக் காட்டுவாள். அந்தச் சின்ன விரல் நீளும்போதெல்லாம் நாங்கள் கை தட்டினோம். தெஹிவளைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு சிப்பாய் ஏறி அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்த நேரம், யாரும் ஒன்றும் கேட்காமலே, பின் சீற்றில் இருந்த ஒரு பெடியனை ஆரணி காட்டினாள். காட்டிவிட்டு, நாங்கள் கை தட்டுவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பாய் திரும்பிப் போய் அந்தப் பெடியனின் அட்டையை மறுபடியும் வாங்கிப் பார்த்தான். பெடியனின் கழுத்தில் வியர்வை இறங்கியது. அவனை விட்டுவிட்டார்கள். ஆனாலும் அன்று மாலை எங்கள் வீட்டில் கூட்டம் கூடியது.

ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே காட்டக்கூடாத ஒருவர் இருந்தார். அத்தானுக்குக் கொழும்பில் தங்கக் கொடுத்த அனுமதி முடிந்துவிட்டது. புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போகவோ, சண்டையால் பாதை பூட்டு. இருக்கவும் கூடாது, போகவும் முடியாது. சட்டப்படி பார்த்தால் அவர் வழியில் எங்காவது ஆகாயத்தில் நின்றிருக்க வேண்டும். அந்த வசதி இல்லாதபடியால் எங்கள் குளியலறையில் நின்றார்.

அது வதனியின் ஏற்பாடு. அவளுடைய தங்கச்சி எங்களோடு இருக்கிறாள், பொலிஸில் பதிந்தும் இருக்கிறாள். பகலில் கொள்ளுப்பிட்டியில் வேலை. சுற்றிவளைப்பு வந்தால் அத்தான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவார். நாங்கள் தங்கச்சி குளிக்கிறாள் என்போம். ஒரு குமர்ப்பிள்ளை குளிக்கிற கதவை யாரும் தட்ட மாட்டார்கள் என்பது வதனியின் நம்பிக்கை. இரண்டு தரம் அது பலித்தது.

மூன்றாம் தரம் வந்தது ஒரு காலை நேரம். கீழ்மாடியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"அண்ணை, போங்கோ, போங்கோ! தண்ணியை நல்லாத் திறந்து விடுங்கோ!" என்றாள் வதனி.

"எத்தினை நாளைக்குப் பிள்ளை நான் உன்ர தங்கச்சியா இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அத்தான் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வந்த பொலிஸ் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். சிப்பாய்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியே உள்ளே வந்தார். அட்டைகளைப் பார்த்தார். அறையை எட்டிப் பார்த்தார். குளியலறைக் கதவில் கை வைத்தபோது, "நங்கி நானவா" என்றேன். தங்கச்சி குளிக்கிறாள். சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர், அக்கா. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

போகத் திரும்பியவர் வதனியின் இடுப்பில் இருந்த ஆரணியைக் கண்டார். "துவ ஹரி லஸ்ஸனயி" என்றார். மகள் நல்ல வடிவு. கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியுமா? காலுறையைத் தொட்டு என்னவென்று கேட்டார். அலர்ஜி என்றாள் வதனி. தனக்கும் வீட்டில் இந்த அளவில் ஒன்று இருக்கிறது என்றார். திருகோணமலையில் வேலை செய்தவராம். அங்கே பழகிய தமிழை எங்களுக்குக் காட்ட விரும்பினார்.

"பாப்பா... அப்பா எங்கே?"

என்னைக் காட்டுவாள் என்று நினைத்திருப்பார். காலுறைக்குள் விரல் அசைவது தெரிந்தது. கை பாதி உயர்ந்தது, விரல் வெளியே வராததால் அப்படியே நின்றது. வதனி மூச்சு விட்ட சத்தம் கேட்டது. விரலைப் பற்றி அத்தனை யோசித்த நாங்கள் வாயைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

"அப்பா!" என்றாள் ஆரணி.

பபபா என்றல்ல. முழுச் சொல், தெளிவாக, குளியலறைப் பக்கம் பார்த்து. உன் மகளின் முதல் சொல். ஒரு கணம் எனக்குப் பயம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. வதனியின் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன். நாங்கள் இருவரும் கை தட்டியிருப்போம்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஓம் செல்லம்!"

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நீ உள்ளே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?

அதிகாரி ஆரணியை, முதுகுக்குக் கை கொடுத்து, பக்குவமாக வதனியிடம் திருப்பிக் கொடுத்தார். நங்கிக்குக் குரல் கொஞ்சம் கரகரப்பு என்று சிங்களத்தில் சொன்னார். சிரிக்கவில்லை. வாசலில் நின்றவர்களும் அந்தக் குரலைக் கேட்டிருந்தார்கள். அவர் வேறு என்ன செய்வார்? கதவைத் தட்டினார். அத்தான் முதலில் தண்ணீரை நிறுத்தினார், பிறகு தாழ்ப்பாளை எடுத்தார். ஈரச் சறத்தோடு வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. "அவள் சொன்னது உனக்குக் கேட்டதோ?" என்று வதனியிடம்தான் கேட்டார். "ஓம் அண்ணை" என்றாள் அவள். சேட்டுப் போட விட்டார்கள். ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்தில், இங்கே இல்லை, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். மேலிடம் எங்கே என்று கேட்டால் கீழே பார்க்கிறார்கள். பயப்படாதே என்று உனக்கு எழுத நினைத்தேன். ஆனால் உனக்கு இனி என்ன பயம்? அந்த வேலையை நாங்கள் முறை வைத்துச் செய்கிறோம். தெருவில் ஜீப் நின்றால் வதனி அடுப்பை அணைக்கிறாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது.

அத்தான் திரும்பி வரும்வரை எல்லா வாசலிலும் போய் நிற்பேன், அக்கா. அவருடைய இடத்தை நான் எடுக்க மாட்டேன். மாமா என்ற சொல்லை ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

நேற்றிலிருந்து ஆரணி என்னை அப்பா என்று கூப்பிடுகிறாள்.

உன் தம்பி,
ஆரணியின் மாமா