இடப்பக்கம் நடப்பவள்

ஜூன் 3, செவ்வாய்

மாடியில் மீனலோசினியும் அவள் தோழி ஹாலிதாவும் செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டை இன்று முதல்முறையாக விளையாடினேன். புளியங்குடி எலுமிச்சைச் சந்தை. இடுப்பில் கூடையோடு ஒரு பெண் கடை கடையாகப் போய் விலை பேச வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது. எலுமிச்சையின் மஞ்சள் கொஞ்சம் மாம்பழம் மாதிரி. அதைச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தவறு கண்ணில் பட்டுவிட்டது.

வலப்பக்கம் நடக்கும்போது அவள் சரியாக இருக்கிறாள். இடப்பக்கம் திரும்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடுகிறது.

"ஒரு பக்கந்தான் வரைஞ்சிருக்கும் பெரியம்மா. மறுபக்கத்துக்குக் கண்ணாடில பாக்கத மாதிரி கம்ப்யூட்டரே திருப்பிக்கிடும். எல்லா கேம்லயும் அப்படித்தான்" என்றாள் ஹாலிதா.

"எல்லா விளையாட்டிலும் சேலை கட்டினவளா நடக்கிறாள்?"

மீனா சிரித்தாள். "ஆளே முப்பத்திரண்டு புள்ளி உசரம். முந்தானை நாலு புள்ளி. யாரு பாக்கப் போறா?"

"நான் பார்த்தேனே."

"நெட்ல காசு குடுத்து வாங்கின பொம்மை பெரியம்மா அது. பிடிக்கலன்னா நீங்களே வரைஞ்சு தாங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் சரி என்றுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

சரி என்று ஏன் சொன்னேன்?

கை நடுங்கவில்லை. கண்புரை எடுத்த பிறகு பார்வையும் தெளிவு. கான்வென்ட்டில் படிக்கும்போது ஓவியத்துக்கு எனக்குத்தான் எப்போதும் முதல் பரிசு. ஆனால் கம்ப்யூட்டரில் நான் வரைந்ததே இல்லை.

மாலையில் மீனா இறங்கி வந்தாள். என் தங்கை மகள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து மாடியில் குடியிருக்கிறாள். எதையும் சுற்றிவளைத்துப் பேசமாட்டாள். மாதக் கடைசியில் விளையாட்டின் ஒரு பகுதியை எல்லாரும் ஆடிப் பார்க்க வெளியிடுகிறார்கள்; இருபத்தேழாம் தேதிக்குள் என் படம் கைக்கு வர வேண்டும்.

"பெரியம்மாங்கதுக்காகச் சேக்க மாட்டேன். நல்லா இருந்தாத்தான்."

அதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் கணவர் போன பிறகு என்னிடம் யாரும் எதையும் நன்றாயில்லை என்று சொல்வதில்லை. சாம்பாரில் உப்புக் கூடினாலும் பிரமாதம் என்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

ஹாலிதா சொன்ன முதல் மென்பொருள்: கிருதா. இலவசம். திறந்தால் ஒரு கடை அளவுக்குத் தூரிகைகள். மூக்குத்தி, வளையல், கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பு என்று பெரிதாக வரைந்தேன். அழகாக வந்தது. அதை முப்பத்திரண்டு புள்ளிக்குச் சுருக்கினேன்.

ஈரத்தில் விழுந்த சாந்துப்பொட்டு.

தவறு மென்பொருளுடையது அல்ல. அதிலும் சதுர முனைத் தூரிகை இருக்கிறதாம். சிறியதைச் சிறியதாகவே வரைய வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு இவ்வளவு பெரிய கடை வேண்டாம்.

ஜூன் 7, சனி

பக்ரீத். ஹாலிதா வரமாட்டாள். கேட்க ஆள் இல்லாததால் எல்லா மெனுவையும் நானே திறந்து பார்த்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பிஸ்கெல். இன்டர்நெட்டிலேயே திறக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டியதில்லை. கட்டம் கட்டமாக ஒரு தாள். ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு புள்ளி. ஓரத்தில் சின்னதாய் ஒரு பெட்டி, நாம் வரைவதை அதுபாட்டுக்கு ஓட்டிக்காட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டு படம் வரைந்ததும் அவள் கை அசைந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

கண் என்பது ஒரே ஒரு புள்ளி. அதை ஒரு கட்டம் கீழே இறக்கினேன், அழுதுவிடுவாள் போல ஆகிவிட்டாள். மேலே ஏற்றினேன், திமிர் வந்துவிட்டது. திமிரையே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

நடக்க வைத்தேன். மீனா பார்த்தாள்.

"இவ நடக்கல பெரியம்மா. வழுக்கிட்டுப் போறா."

அவ்வளவுதான். போய்விட்டாள். நாலு நாள் உழைப்பு. ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லக்கூடாதா? யார் கேட்டா? நான்தானே கேட்டேன். நல்லா வேணும்.

பிறகு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மீனா சொன்னது உண்மை. பாளையங்கோட்டை கான்வென்ட்டில் எங்கள் மதர் வராந்தாவில் வருவது இப்படித்தான் இருக்கும். அங்கிக்குள் கால் இருக்கிறதா என்றே தெரியாது.

ஜூன் 14, சனி

கோயில் வாசலில் செல்லச்சாமியின் தேங்காய்க்கடை ஓரமாகப் போய் நின்றேன். கால்மணி நேரம் பொறுத்துவிட்டு அவர் கேட்டார், "யாரைத் தேடுதிய, ஆச்சி?"

"யாரையும் இல்லை. கால்களைப் பார்க்கிறேன்."

"கால்வலியா? மொதல்லயே சொல்லப்பிடாதா? உக்காருங்க." ஸ்டூலை எடுத்துப் போட்டார். விளக்கினால் நீளும் என்று உட்கார்ந்துகொண்டேன்.

சேலை கட்டினவளுக்குக் கால் தெரியாது. தெரிவது கரைதான். கால் முன்னே போய்விடுகிறது, கரை அதன் பின்னால்தான் கிளம்புகிறது. கால் நிற்கிறது, கரை இன்னும் ஆடுகிறது. இத்தனை வருஷம் சேலை கட்டி நடந்தவள், இதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

கரையை ஒரு படம் தாமதமாக நகர்த்தினேன். நடக்கிறாள். நடக்கிறாளே.

ஆனால் கூடை தாழ்வாக இருந்தது. அதை உயர்த்த, எனக்குத் தெரிந்த வழியில் ஒவ்வொரு படமாகத் திருத்தினேன். ஹாலிதா பார்த்துவிட்டு வேறு இரண்டைக் காட்டினாள்: ஏஸ்ப்ரைட், லிப்ரேஸ்ப்ரைட். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முதலாவதின் பழைய வடிவத்திலிருந்து பிரிந்து வளர்ந்தது இரண்டாவது. அது இலவசம், முதலாவது விலைக்கு. இரண்டிலும் கூடையைத் தனி அடுக்கில் வைத்துப் படங்களை இணைத்துவிட்டால், ஓரிடத்தில் திருத்தினால் போதும், எல்லாவற்றிலும் திருந்திவிடுகிறது. முந்தைய படம் அடியில் நிழலாகத் தெரிவதற்கு வெங்காயத் தோல் என்று பெயராம். யார் வைத்தார்களோ, சமையல்கட்டுக்குள் போய் வந்தவர்கள்.

"இலவசமா இருக்கதே போதும் பெரியம்மா. உங்க வேலைக்கு அது தாராளம்."

"மீனா எதில் வேலை செய்கிறாள்?"

"ஏஸ்ப்ரைட்."

"அப்படியானால் எனக்கும் அதுதான்."

"ஏன் பெரியம்மா?"

அவளும் நானும் ஒரே மென்பொருளில் வேலை செய்தால், படம் நன்றாயில்லாதபோது நான் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை. கோப்பு மாற்றுகிற வேலை மிச்சம் என்றேன். அதுவும் உண்மை.

ஜூன் 20, வெள்ளி

இன்று இடப்பக்கம். அதையே மறுபடி வரையும் வேலை என்று நினைத்திருந்தேன். வேறு படமே வரைய வேண்டும். கூடை இடது இடுப்பில். அவள் வலப்பக்கம் போகும்போது உடம்பு கூடையைப் பாதி மறைக்கிறது. இடப்பக்கம் போகும்போது கூடைதான் முன்னால் வந்து உடம்பை மறைக்கிறது. முந்தானை அதன் மேல் விழுகிறது. இரண்டு பக்கமும் ஒரே பெண்தான், ஆனால் ஒரே உருவம் இல்லை.

ஹாலிதா நிரலில் திருப்பும் வரியை இந்தப் பெண்ணுக்கு மட்டும் எடுத்துவிட்டாள். மீனாவுக்கு எரிச்சல். "ஒரு ஆளுக்கு ரெண்டு மடங்கு வேலை. எல்லாரும் இப்படிக் கேட்டா என்ன செய்ய? இருபத்தேழுக்குள்ள முடியலன்னா பழைய பொம்பளையேதான் போவா, சொல்லிட்டேன்."

"சொல்லிவிட்டாய், கேட்டுக்கொண்டேன்."

ஜூன் 24, செவ்வாய்

கொசுவம் இன்னும் சரியில்லை.

ஜூன் 27, வெள்ளி

கொடுத்துவிட்டேன்.

மீனாவோடு நானும் மாடிக்குப் போனேன். புளியங்குடியிலிருந்து ஹாலிதாவின் அம்மா ஜரினா வந்திருந்தாள். இரண்டு பெண்களில் எது யார் வரைந்தது என்று சொல்லாமல், முதலில் பழையவளையும் பிறகு என்னுடையவளையும் வைத்து அவளை ஆடச் சொன்னார்கள். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழையவளை வைத்து ஆடும்போது ஜரினா மார்க்கெட்டைப் பற்றியே பேசினாள். கடை இங்கன இல்லை, அங்கன. சாக்கு இப்படிக் கட்ட மாட்டாவ. பிறகு என்னுடையவள். வலம் போனாள், இடம் போனாள், மறுபடி வலம். முந்தானையைப் பற்றி ஜரினா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். இடம். வலம். ஒன்றுமில்லை.

"ஏட்டி ஹாலிதா, இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம்? வீட்ல கைப்பிள்ளைய விட்டுட்டு வந்திருக்காளா?"

"மொதல்ல உள்ளவளப் பத்தி ஒண்ணும் கேக்கலையேம்மா?" என்றாள் மீனா.

"அது பொம்மைதானே."

மீனா என் பக்கம் திரும்பவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ அழித்தாள். எட்டிப் பார்த்தேன். பழையவளின் படம்.

முந்தானையை யாரும் பார்க்கவில்லைதான். பார்க்காததும் நல்லது. தவறாகக் கட்டியிருந்தவளை ஜரினா பொம்மை என்றுவிட்டாளே.

ஜூலை 2, புதன்

மீனா கீழே வந்தாள். "மார்க்கெட்டுக்குள்ள ஒரு ஆடு பூந்து வாழையிலையத் திங்கணும். பத்தாம் தேதி வேணும். நடை, ஓட்டம், திங்கது, மூணும்." முடியுமா என்று கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

"ஆட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே பெரியம்மா? இதையாவது திருப்பிக்கிடலாம்லா?" என்றாள் ஹாலிதா.

எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலை குருவிகுளம் பஸ்ஸில் போய் அங்கே மேயும் ஆடுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.